ரெண்டு நிமிசம் உக்காரும்மா

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சிக்கிடுங்க தம்பி. பெட்டியில படாம. ஆமா, கம்ப்யூட்டர்தான். சிபியுன்னு சொல்லுவாகல்ல, அது. கண்டக்டர் மேல வைக்கச் சொன்னான், முடியாதுன்னுட்டேன். இந்த வண்டி குதிக்கிற குதிக்கு மேல வச்சா என்னத்துக்கு ஆவும்? மதுரை வரைக்கும் மடியிலயே வச்சிக்கிடுதேன், வேணும்னா இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக்கோன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டான்.

நீங்க எங்க, அருப்புக்கோட்டையா? சரி. அப்ப நேரம் இருக்கு.

எட்டயபுரத்துல தாலுகா ஆபீஸ் பக்கம் கடை வச்சிருக்கேன். பால்வண்ணம் கம்ப்யூட்டர்ஸ். பால்வண்ணம் நாந்தான். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, பரீட்சைக்கு அப்ளிகேஷன், எதுன்னாலும் நம்ம கடைதான். பதினேழு வருசமாச்சு. ஊருல பாதிப் பேரு பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். அந்த ஊருதான் இப்ப ஒரு மாசமா என்ன பேசுதுங்கிறீக? பால்வண்ணம் ஒரு பொம்பளைப்புள்ள பொழப்பக் கெடுத்துட்டான்னு பேசுது. நானா கெடுத்தேன்? மிஷின் கெட்டுச்சு. மிஷின் கெட்டதுக்கு நான் என்ன செய்வேன்? நீங்க வெளியூருக்காரர், உங்களுக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. அதான் உங்ககிட்டச் சொல்லுதேன்.

சந்தனமாரின்னு ஒரு புள்ள. புள்ளைன்னா சின்னப் புள்ள இல்ல, ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. புருசன் லாரி ஓட்டுனவன், மூட்டை சரிஞ்சு முதுகுல விழுந்து ரெண்டு வருசமாப் படுத்த படுக்கை. இவ பகல்ல தீப்பெட்டி ஆபீஸ் போயிட்டு வந்து, சோறாக்கி, அவனைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளைப் பாத்து, இதுக்கு நடுவுல தபால்ல படிச்சே பி.ஏ. முடிச்சிட்டா. முடிச்சதோட விடல. கவர்மெண்டு பரீட்சை எழுதிக்கிட்டே இருப்பா. நாலு தடவ எழுதியிருக்கா. போன தடவ மூணே மார்க்குல போயிருச்சு. நாலு தடவையும் அப்ளிகேஷன் நாந்தான் போட்டேன். ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. கூலியும் அவகிட்ட வாங்குனதில்ல. ஒரு வாட்டி பையில வெண்டைக்காய் கொண்டு வந்து வச்சிட்டுப் போனா. அவ்வளவுதான்.

இந்த வருசத்தோட அவளுக்கு வயசு முடியுது. இதை விட்டா இனி எழுத முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைசித் தேதி ஒரு திங்கக்கிழமை. சாயங்காலம் அஞ்சே முக்காலோட வெப்சைட்ட மூடிருவாக. நீங்க கேப்பீக, ஏன் கடைசி நாளு வரைக்கும் வச்சிக்கிட்டு இருந்தான்னு. தமிழ்வழியில படிச்சதுக்கு ஒரு சான்று வாங்கணும். அது காலேஜ்ல இருந்து வரணும். அலைஞ்சு அலைஞ்சு சனிக்கிழமைதான் கைக்குக் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை அரைநாள் லீவு போட்டுட்டு, ஒன்றரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னா.

"அண்ணாச்சி, எல்லாம் இருக்கு. இன்னைக்குள்ள முடிஞ்சிருமா?"

"அரைமணி நேரத்து வேலைம்மா. உக்காரு"ன்னேன்.

அரைமணி நேரத்து வேலைதான் தம்பி. நான் பொய் சொல்லல.

இந்த மிஷின் நானே மதுரைக்குப் போயி ஒவ்வொரு சாமானாப் பாத்து வாங்கிச் சேத்தது. பதினோரு வருசம் உழைச்சிருக்கு. அந்த ரெண்டு வாரமாத்தான் லேசா மக்கர் பண்ணுச்சு. வேலை பாத்துக்கிட்டே இருக்கும்போது திரையில மவுஸு அம்பு அப்படியே நின்னுரும். அசையாது. சைடுல ரெண்டு தட்டு தட்டுவேன். இல்லைன்னா சுவிட்ச அமுக்கிப் பிடிச்சு அணைச்சிட்டுத் திருப்பிப் போடுவேன், வந்துரும். வந்துருதுல்ல, பெறகு என்ன? ஞானதுரைன்னு கோவில்பட்டியில ஒருத்தன், நம்ம மிஷினுக்கெல்லாம் டாக்டர் அவன்தான். அவன் போன்ல சொன்னான், "அண்ணே, இது நல்லதுக்கில்ல, ஒருநாள் மொத்தமா உக்காந்துரும், ஒரு வாட்டி கொண்டாந்து காட்டுங்க"ன்னு. பரீட்சை அப்ளிகேஷன் நேரம், மிஷினைத் தூக்கிட்டு கோவில்பட்டி போனா ஒரு நாளு கடை மூடணும். மூடுனா சனம் எங்க போகும்? எதுத்தாப்புல போகும்.

எதுத்தாப்புல தவசி கடை இருக்கு.

தவசியப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல மாட்டேன். எங்கிட்டதான் தொழில் படிச்சான். ஆறு வருசம் எங்கூட உக்காந்து வேலை பாத்தான். நல்ல வேலைக்காரன், விரலு பறக்கும். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் வந்து, "அண்ணே, நான் தனியாப் பாக்கலாம்னு இருக்கேன்"னான். பாருன்னேன். எட்டயபுரத்துல எத்தனை தெரு இருக்கு? அவன் பாத்தது எதுத்த கடை. நேர் எதுத்த கடை. என் வாசப்படியில இருந்து அவன் வாசப்படிக்குப் பதினாலு எட்டு வச்சாப் போதும். நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல. பேசுறதில்ல, அவ்வளவுதான். அவன் உக்காந்திருந்த மிஷினை வித்துட்டேன். அந்த இடத்துல ஜெராக்ஸ் மிஷினைத் தள்ளி வச்சேன். அதனாலதான் கடையில கம்ப்யூட்டர் இது ஒண்ணுதான்.

சரி, கதைக்கு வாரேன்.

உக்காந்தோம். பேரு, தகப்பன் பேரு, பத்தாவது மார்க்கு, பன்னெண்டாவது மார்க்கு, டிகிரி எல்லாம் போட்டாச்சு. பக்கத்துக்குப் பக்கம் சேவ் குடுத்துக்கிட்டே வந்தேன், அதுல நான் கரெக்டு. போட்டோவும் ஏத்தியாச்சு, கையெழுத்தும் ஏத்தியாச்சு. சான்று எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு. கடைசிப் பக்கம். எல்லாத்தையும் ஒரு வாட்டி படிச்சுப் பாத்துட்டு பட்டனை அமுக்குனா அவ போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டா முடிஞ்சுது. மணி ரெண்டே கால்.

அம்பு நின்னுருச்சு.

வழக்கம்போலதானேன்னு தட்டுனேன். அசையல. கீபோர்டுல எதை அமுக்குனாலும் கேக்கல. அணைச்சிட்டுப் போட்டேன். உள்ள ஃபேன் சுத்துது. லைட் எரியுது. திரை மட்டும் இருட்டு. உள்ளேருந்து பீப், பீப், பீப்னு மூணு சத்தம். அணைச்சேன், போட்டேன். திரும்பவும் மூணு சத்தம்.

அந்தப் புள்ள மூஞ்சி மாறிருச்சு. "என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிசம் உக்காரும்மா."

ஞானதுரைக்குப் போன் போட்டேன். அவன் சாத்தூர்ல ஏதோ ஒரு ஸ்கூல்ல வேலையா இருக்கான். பின்னாடி பிள்ளைக சத்தம்.

"எத்தனை தடவ கத்துதுண்ணே?"

"மூணு."

"அப்ப மெமரிதான், ராம்னு சொல்லுவோம்ல, அதுவா இருக்கும். மூடியக் கழட்டுங்க. உள்ள பச்சையா நீளமா ஒரு பட்டை நிக்கும், ரெண்டு பக்கமும் கிளிப்பு. அதை எடுத்து, அடியில தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கும்லா, அதை அழிரப்பர் வச்சு நல்லாத் தேச்சிட்டு மாட்டுங்க."

அழிரப்பருக்கு எங்க போவேன்? அந்தப் புள்ளயே பையில இருந்து எடுத்துக் குடுத்தா. படிக்கிறவ பாருங்க, பென்சிலு ரப்பர் எல்லாம் வச்சிருந்தா. நான் இழுக்கேன், கிளிப்பு வரமாட்டேங்குது. "நான் எடுக்கட்டுமா அண்ணாச்சி"ன்னா. தீப்பெட்டி அடுக்குற கை, ஒரு சொடக்குல எடுத்துட்டா. தேச்சு, ஊதி, மாட்டி, போட்டோம்.

கம்பெனி பேரு திரையில வந்துச்சு.

அவ சாமி கும்பிட்டா. சொல்லப்போனா நானும் கும்பிட்டேன். பெறகு நீலத் திரை வந்து, மிஷின் தன்னைத் தானே சரி பண்ணிக்கிடுதுன்னு இங்கிலீஷ்ல எழுத்து வந்துச்சு. பத்து பர்சென்ட், பதினஞ்சு பர்சென்ட். முப்பத்தொண்ணுல வந்து நின்னுருச்சு. பாத்துக்கிட்டே இருக்கோம், முப்பத்தொண்ணு. கண்ணை எடுத்தா ஏறுமோன்னு வேற பக்கம் பாத்தேன். முப்பத்தொண்ணு. மூணு மணி ஆயிருச்சு.

அப்பத்தான் அவ எந்திரிச்சா. எந்திரிச்சு, என் மூஞ்சியப் பாக்காம, "அண்ணாச்சி, நீங்க இதைப் பாத்துக்கிட்டு இருங்க. நான் வேணும்னா எதுத்தாப்புல கடையில போயிக் கேக்கட்டுமா?"ன்னா.

நான் என்ன சொன்னேன்னா, "போகலாம்மா. ஆனா உன் பதிவு நம்பரு இந்த மிஷின்ல பாதியில நிக்குது. இன்னொரு இடத்துல திறந்தா பூட்டிக்கிடும். பெறகு எங்கயுமே திறக்காது"ன்னேன்.

அது பொய்யில்ல தம்பி. சில வெப்சைட் அப்படிப் பண்ணும். பேங்க்குல எல்லாம் பண்ணுதுல்ல? இதுவும் பண்ணிருச்சுன்னா? அந்தப் பயத்துலதான் சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

உக்காந்துட்டா.

போன்லயே போட்டிருக்கலாமேன்னு பெறகு ஒருத்தன் எங்கிட்ட வந்து கேக்கான். அவ போனு பட்டன் போனு. எங்கிட்ட பெரிய போன் இருக்கு, இல்லைங்கல. போன்ல அந்த ஃபாரம் பாதிதான் தெரியும், எந்த எழுத்தை எங்க அமுக்குறதுன்னு வராது. எனக்கு வராது. வாரவனுக்கு வரும்.

மூணே முக்காலுக்கு ஞானதுரை அவனாக் கூப்பிட்டான்.

"என்னண்ணே, வந்துச்சா?"

"முப்பத்தொண்ணுல நிக்குதுடா."

"சிபியுல காதை வச்சுக் கேளுங்க. டிக் டிக்குன்னு சத்தம் வருதா?"

வச்சேன். வருது. சுவர்க் கடிகாரம் மாதிரி வருது.

"அப்ப விட்ருங்கண்ணே. ஹார்டு டிஸ்க் போயிருச்சு. இனி என்ன பண்ணாலும் வராது. கஸ்டமர் யாரும் இருந்தா வேற கடைக்கு அனுப்பிருங்க."

போனை வச்சேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. "என்ன சொல்லுதாக அண்ணாச்சி?"

"பாத்துக்கிடலாம்னுதான் சொல்லுதான்"னேன்.

ஞானதுரை எப்பவும் அப்படித்தான், எடுத்த எடுப்புலயே போச்சும்பான். போன வருசம் பிரிண்டர் போச்சுன்னான், நான் ஒரு மணி நேரம் உக்காந்து நோண்டுனேன், ஓடுச்சு. அதை வச்சுத்தான் சொன்னேன். ஒவ்வொரு வயராக் கழட்டி மாட்டுனேன். உள்ள வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், வாட்ச் பேட்டரி மாதிரி, அதை எடுத்துத் துடைச்சுப் போட்டேன். வேற பிளக்குல சொருகிப் பாத்தேன். ஒரு தடவ கம்பெனி பேரு வரும், அடுத்த தடவ அதுவும் வராது. வரும்போதெல்லாம் "பாரு, வருது"ம்பேன். அவ "ஆமா அண்ணாச்சி"ம்பா. டார்ச் அடிக்கச் சொன்னா அடிச்சா. ஸ்குரூவக் கையில ஏந்தச் சொன்னா ஏந்துனா. நடுவுல அவ புருசன் போன் பண்ணுனான். "நடந்துக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி பாத்துக்கிட்டு இருக்காக"ன்னு சொல்லி வச்சா.

அவ சர்டிபிகேட் ஃபைலு என் முழங்கைக்குக் கீழதான் இருந்துச்சு. நான் வேணும்னு வைக்கல. வேலை பாக்கும்போது கை அங்கதானே இருக்கும்.

நாலரை மணிக்குத் தவசி வந்தான்.

நாலு வருசத்துல முதல் தடவையா என் வாசப்படியில அவன் கால் பட்டுச்சு. உள்ள வரல. படியிலயே நின்னு, "அண்ணே"ன்னான். நான் மிஷினுக்குள்ள தலையை விட்டிருக்கேன்.

"அண்ணே, அந்தக்கா ரொம்ப நேரமா உக்காந்திருக்காக. என் மிஷின் சும்மாத்தான் இருக்கு. அனுப்புங்க. இல்லைன்னா என் லேப்டாப்ப இங்கயே கொண்டு வாரேன், நீங்களே போடுங்க."

நான் நிமிந்து பாக்கல. பாத்தா என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. "எங்க கடை வேலைய எங்களுக்குப் பாக்கத் தெரியும்"னேன்.

அவன் அவளைப் பாத்தான். அவ அவனைப் பாத்தா. என்னையப் பாத்தா. எந்திரிக்கல. நாலு பரீட்சைக்கு நான் போட்டுக் குடுத்தவன்லா. என்னைய உக்கார வச்சிட்டு எப்படி எந்திரிச்சுப் போவா? மரியாதை தெரிஞ்ச புள்ள. அவன் இறங்கிப் போயிட்டான்.

அஞ்சே காலுக்குக் கரண்டு ஒரு வெட்டு வெட்டுச்சு. திரையில இருந்த கம்பெனி பேரும் போயிருச்சு. திருப்பிப் போட்டா, மிஷினைக் கிளப்ப உள்ள ஒண்ணுமே இல்லைன்னு இங்கிலீஷ்ல ஒத்த வரி வெள்ளையா வந்து நிக்குது. அதுக்கு மேல நான் என்ன அமுக்க? கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

சந்தனமாரி எந்திரிச்சா. என் முழங்கைக்குக் கீழ இருந்த ஃபைலை மெதுவா உருவுனா. "நான் போயிட்டு வாரேன் அண்ணாச்சி"ன்னா. சொல்லிட்டுத்தான் போனா. செருப்பைக் கூட ஒழுங்கா மாட்டல, ரோட்டைத் தாண்டி ஓடுனா.

நான் கடையை விட்டு எந்திரிக்கல. இங்கன இருந்தே எல்லாம் தெரியுது. தவசி சேரைத் தள்ளிப் போட்டான். அவ உக்காந்தா. நாலஞ்சு பேரு கூடிட்டாக. தவசி எந்திரிச்சு நிக்கான், உக்காருதான், போனைக் காதுல வைக்கான். அவ போனை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மூஞ்சிக்கு நேரா வச்சிக்கிட்டு இருக்கா. அந்த நம்பர் வரணும்லா, அதுக்குத்தான். தமிழ்நாடு பூராவும் அந்தக் கடைசி அரைமணி நேரத்துல அமுக்கியிருப்பாக. சர்வர் திணறிருச்சு. என் சுவர்க் கடிகாரத்துல அஞ்சே முக்கால் ஆச்சு. அது மூணு நிமிசம் ஃபாஸ்ட். அந்த மூணு நிமிசமும் நான் அங்கயே பாத்துக்கிட்டு இருந்தேன். பெறகு ஒவ்வொருத்தரா வெளிய வந்தாக.

அவ கடைசியா வந்தா. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனா. இந்தப் பக்கம் திரும்பல.

பாருங்க தம்பி, அங்க போயும் ஆகலைல்ல? அதைத்தான் நான் ஊருல எல்லார்கிட்டயும் சொன்னேன். சர்வர் கோளாறுய்யா, எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதுதான்னேன். அதுக்கு தவசி கடையில இருந்த ஒருத்தன், "மூணு மணிக்கும் நாலு மணிக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, தவசி அந்த நேரத்துல அஞ்சு பேருக்குப் போட்டானே"ன்னான். தவசி வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மறுநாள் ஞானதுரை வந்தான். மூடியக் கழட்டுன வேகத்துல மூடிட்டான். "நான் அன்னைக்கே சொன்னேன்லாண்ணே"ன்னான். சரிடா, போனது போகட்டும், அந்தப் புள்ள ஃபாரம் இதுக்குள்ள இருக்குல்ல, அதை மட்டும் எடுத்துக் குடு, ரெண்டேகாலுக்கே முடிச்சாச்சுன்னு காட்டி ஒரு மனு எழுதிப் போட்டுப் பாப்போம்னேன்.

அவன் என்னையப் பாத்தான். "இதுல எங்கண்ணே இருக்கும்? நீங்க சேவ் குடுத்ததெல்லாம் அவுக சர்வர்ல போயி உக்காந்திருக்கும். நம்ம மிஷின் வெறும் ஜன்னலு. எந்தக் கடையில போயி பதிவு நம்பரைப் போட்டிருந்தாலும், விட்ட இடத்துல இருந்து அப்படியே வந்திருக்கும்."

"பூட்டிக்கிடாதா?"

"எதுக்குப் பூட்டணும்?"ன்னான்.

எனக்கு இது தெரியாதா தம்பி? பதினேழு வருசமா இதே தொழிலு. தெரியும். அன்னைக்கு அந்த நேரத்துல தெரியல. அவ்வளவுதான். தெரிஞ்சது தெரியாமப் போகும்லா சில நேரம்.

நாலு நாளு சோறு இறங்கல. என் வீட்டுக்காரி, "போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க"ன்னா. ஞாயித்துக்கிழமை போனேன். அவ ஊரு எட்டயபுரத்துல இருந்து ஆறு மைல், ஒத்தை பஸ்ஸு. சின்ன ஓட்டு வீடு. புருசன் கட்டில்ல கிடக்கான். என்னையக் கண்டதும் எந்திரிக்கப் பாத்தான், முடியல. "வாங்க அண்ணாச்சி"ன்னான். அவ அடுப்படியில இருந்து வந்து, பாயைத் தட்டிப் போட்டா.

நான் எல்லாம் சொன்னேன். ராம்னா என்ன, ஹார்டு டிஸ்க்னா என்ன, அது எப்படித் தேயும், கரண்டு வெட்டுனா என்ன ஆவும், ஒண்ணு விடாமச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டா. புருசனும் கேட்டுக்கிட்டான். ஞானதுரை சொன்ன அந்தக் கடைசி விசயத்தை மட்டும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நொந்து போயி இருக்கிற புள்ளகிட்ட, நீ முன்னாடியே எந்திரிச்சுப் போயிருந்தா விட்ட இடத்துல இருந்தே வந்திருக்கும்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? அவளுக்காகத்தான் மறைச்சேன்.

டீ கொண்டு வந்து வச்சா. வச்சிட்டுச் சொல்லுதா:

"தவசி அண்ணன் பதிவு நம்பரைப் போட்டதும் எல்லாம் அப்படியே வந்துச்சு அண்ணாச்சி. எம்பேரு, மார்க்கு, நீங்க ஏத்துன போட்டோ, எல்லாம் இருந்துச்சு. கடைசிப் பக்கம் மட்டும்தான் பாக்கி. போனுக்கு நம்பர்தான் வரல."

கடைக்குப் போயிட்டு வந்ததைச் சொல்லுற மாதிரி சொன்னா தம்பி. குரலு உயரல.

அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ கண்ணாலயே பாத்திருக்கா. ஊரு பூரா என்னையப் பேசுதே, அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வரலையே, இப்படி இருந்துச்சுன்னு அவ யார்கிட்டயும் சொல்லலையேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"ஏம்மா, அன்னைக்கே வந்து எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"ன்னேன்.

"கேட்டா என்ன அண்ணாச்சி வரப்போகுது?"ன்னா. "டீ ஆறுது, குடிங்க."

குடிச்சேன். வேற என்ன செய்ய? நாலு ஏச்சு ஏசியிருந்தா எனக்குச் சொல்லுறதுக்குப் பதிலு இருந்துச்சு. போற வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். ஒண்ணுக்கும் இடம் குடுக்கல. புருசன்காரன் படுத்த வாக்குல, "அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் சீனி வேணுமான்னு கேளு"ங்கான்.

அதோட அந்தப் பக்கம் போகல. புது மிஷினும் வாங்கல. வாங்கணும். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கிட்டு இருக்கேன்.

நேத்து என்னாச்சுன்னா, அந்தப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கு. என் கடையில அப்ளிகேஷன் போட்டவுக எல்லாம் எதுத்தாப்புல போயி எடுக்காக. என் கையால போட்ட ஃபாரம். சரி, எங்கிட்ட மிஷின் இல்ல, எடுத்துட்டுப் போகட்டும். பதினோரு மணி வெயிலு. தவசி கடையில இடமில்லாம ரோட்டு வரைக்கும் ஆளு நிக்கி. நடுவுல பாத்தா சந்தனமாரி. இவளுக்கு ஏது ஹால் டிக்கெட்டுன்னு பாக்கேன். கூட வேலை பாக்குற புள்ள ஒண்ணு எழுதுது போல, அதுக்குத் துணைக்கு வந்திருக்கா. அந்தப் புள்ளகிட்ட ஏதோ சொல்லிக் குடுக்கா, விரலு விட்டு எண்ணி எண்ணிச் சொல்லுதா. அது தலையாட்டிக்கிட்டு நிக்கி. ரெண்டு பேருக்கும் நிழல் இல்ல.

என் கடையில ஃபேன் ஓடுது, ரெண்டு சேரு காலியாக் கிடக்கு. உள்ள வந்து நில்லுங்கம்மான்னு கூப்பிடலாம்னு எந்திரிச்சேன். வாசப்படி வரைக்கும் வந்தேன். அவ திரும்பி என்னையப் பாத்தா. பாத்து லேசா தலையை ஆட்டுனா, தெரிஞ்சவுகளைக் கண்டா ஆட்டுவோம்ல, அப்படி. பகையெல்லாம் இல்ல.

படியில கிடந்த ஒரு துண்டுப் பேப்பரைக் குனிஞ்சு எடுத்தேன். அதுக்குத்தான் வந்தவன் மாதிரி எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

இன்னைக்குக் காலையில மிஷினைக் கழட்டித் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். மதுரையில செத்த டிஸ்க்குல இருந்தும் எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இருக்கானாம். டிஸ்க்க மட்டும் கொண்டு போனாப் போதும்னான் ஞானதுரை. அதுல எடுக்க ஒண்ணும் இல்லைன்னும் அவன்தான் சொன்னான். இருந்தாலும் எங்கயாச்சும் போகணும்லா. கடையத் திறந்து உக்காந்தா, நேரா எதுத்த கடைதான் தெரியுது.